பருவம், இருப்பிடம், மனச்சோர்வு

நார்வே நாட்டின் தென்பகுதியில், உயர்ந்த மலைகளுக்கிடையே, ஆழ்ந்த பள்ளத்தாக்கொன்றில் ரியூகான் என்னும் சிறிய தொழில் நகரம் அமைந்துள்ளது. செப்டம்பர் மாத இறுதியில் மலைக்குப் பின்னால் மறையும் கதிரவன், மார்ச் மாத நடுவில்தான் அந்நகரத் தெருக்களில் மீண்டும் நேராக ஒளி வீசுகிறான். அங்குத் தொழிற்சாலை நடத்திய நிறுவனம் 1928ஆம் ஆண்டில் மலைமேல் செல்லும் கம்பிவட ஊர்தி ஒன்றை நிறுவிற்று. அதன் நோக்கம் சரக்கு ஏற்றுவதன்று. குளிர்காலத்தில் ஊர் மக்கள் மேலே சென்று, சிறிது நேரம் வெயிலில் நின்றுவிட்டுத் திரும்புவதற்காகவே அது அமைக்கப்பட்டது. 2013ஆம் ஆண்டில் மலைச்சரிவில் மூன்று பெரிய கண்ணாடிகள் நிறுத்தப்பட்டன. கணிப்பொறியின் உதவியால் அவை கதிரவனைத் தொடர்ந்து திரும்பி, நகரச் சதுக்கத்தில் ஏறத்தாழ 600 சதுர மீட்டர் பரப்பில் வெயிலை விழச் செய்கின்றன.

குடிநீரையும் சாலையையும் போல வெயிலையும் ஓர் அடிப்படை வசதியாகக் கருதித் திட்டமிட்ட நகரம் அது. பருவமும் இருப்பிடமும் மனிதனின் மனநிலையை மாற்றும் என்ற கருத்தை ஏற்றுக்கொண்டு, அதற்குப் பணமும் ஒதுக்கியவர்கள் அவ்வூரார். நம் நாட்டில் இக்கருத்துக்கு என்ன பொருள் உண்டு என்பது இக்கட்டுரையில் ஆராயப்படுகிறது. வெயிலுக்குக் குறைவில்லாத நாட்டில் இக்கேள்வி வீண் என்று சிலர் எண்ணலாம். நானும் ஒருகாலத்தில் அவ்வாறே எண்ணியிருந்தேன்.

நோயின் இலக்கணம்

பருவகால மனச்சோர்வு என்ற பெயரில் மருத்துவர்கள் இன்று குறிக்கும் நோய்க்கு வரையறை வகுத்தவர்களுள் முதன்மையானவர் நார்மன் ரோசந்தால் என்னும் உளநோய் மருத்துவர். அவர் தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க் நகரைச் சேர்ந்தவர். 1976ஆம் ஆண்டில் நியூயார்க் நகரில் குடியேறிய அவர், குளிர்காலம் வந்ததும் தம் ஊக்கம் குன்றுவதையும், இளவேனிலில் அது மீள்வதையும் தம்மிடத்திலேயே கண்டார். பின்னர் அமெரிக்கத் தேசிய மனநலக் கழகத்தில் அவரும் அவருடைய குழுவினரும் 29 நோயாளிகளை ஆராய்ந்து, 1984ஆம் ஆண்டில் தங்கள் முடிவுகளை வெளியிட்டனர். இலையுதிர் காலத்தில் தொடங்கி இளவேனிலில் நீங்கும் இச்சோர்வில் உறக்கம் மிகும். பசி, அதிலும் மாவுப் பண்டங்களின் மீதான வேட்கை, பெருகும். உடல் எடை கூடும். செயலில் நாட்டம் குறையும். வழக்கமான மனச்சோர்வில் உறக்கமும் பசியும் பெரும்பாலும் குறைவதே இயல்பாகையால், இவ்வேறுபாடு மருத்துவர்களின் கவனத்தைக் கவர்ந்தது.

மழை நாளில் மனம் சற்று மந்தமாக இருப்பதை எல்லாம் இந்நோய் என்று கொள்ளலாகாது. சோர்வு அன்றாடப் பணியைக் குலைக்கும் அளவுக்குக் கடுமையாக இருத்தல் வேண்டும். குறைந்தது தொடர்ந்து இரண்டு ஆண்டுகளாவது அதே பருவத்தில் வந்து, அடுத்த பருவத்தில் நீங்குதல் வேண்டும். இவற்றோடு மற்றொரு நிபந்தனையும் உண்டு. அமெரிக்க உளநோய் மருத்துவச் சங்கத்தின் நோய்ப் பகுப்புக் கையேடு, ஆண்டுதோறும் ஒரு குறிப்பிட்ட பருவத்தில் வேலையிழப்பு போன்ற வெளிப்படையான வாழ்க்கை நெருக்கடி ஒருவருக்கு நேருமானால், அதனால் விளையும் சோர்வை இவ்வகையில் சேர்க்கலாகாது என்று விலக்கி வைக்கிறது.

மருத்துவ நோக்கில் இவ்விலக்கு முற்றிலும் முறையானதே. வானத்தால் வரும் சோர்வையும் வறுமையால் வரும் சோர்வையும் ஒன்றாகக் கலந்துவிட்டால் எதற்கும் சரியான சிகிச்சை அளிக்க இயலாது. எனினும், ஆண்டுதோறும் ஒரே பருவத்தில் வேலையிழக்கும் மக்கள் கோடிக்கணக்கில் வாழும் நாடு நம்முடையது. அக்கையேடு ஒரே வரியில் விலக்கிய பகுதிதான் இந்தியாவைப் பொறுத்தவரை இப்பொருளின் பெரும்பகுதி என்பது என் கருத்து. அதற்குச் செல்லுமுன், வானத்தின் பங்கைப் பார்த்துவிடுதல் நலம்.

ஒளியும் அட்சரேகையும்

கண்ணின் விழித்திரையில் பொருள்களைக் காண்பதற்கான அணுக்களேயன்றி, ஒளியின் அளவை மட்டும் உணர்ந்து மூளைக்கு அறிவிக்கும் தனிவகை அணுக்களும் உள்ளன. இச்செய்தி மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஒரு சிறு மையத்தை அடைகிறது. உடலின் அன்றாடக் கடிகாரம் அதுவே. இருளில் கூம்புச் சுரப்பி மெலட்டோனின் என்னும் பொருளைச் சுரக்கிறது. வலுவான ஒளி பட்டால் அச்சுரப்பு அடங்குகிறது. குளிர்காலத்தில் விடியல் தாமதமாகும்போது உடற்கடிகாரம் பின்தங்கிவிடுகிறது என்பதும், அப்பின்தங்கலே சோர்வுக்கு ஒரு காரணம் என்பதும் இத்துறையில் பலரால் ஏற்கப்பட்ட விளக்கமாகும். எனவேதான் காலையில் அரைமணி நேரம் 10,000 லக்ஸ் அளவுள்ள ஒளிப்பெட்டியின் முன் அமர்வது சிகிச்சையாக வழங்கப்படுகிறது. நம் வீட்டு அறைகளின் இரவு விளக்கொளி பெரும்பாலும் சில நூறு லக்ஸுக்கு மேற்படுவதில்லை. நல்ல வெயிலோ ஓரிலக்சம் லக்ஸ் அளவை எட்டும். மேகமூட்டமான நாளில்கூடத் திறந்தவெளி, அறையைக் காட்டிலும் பன்மடங்கு ஒளி மிக்கது.

இவ்விளக்கத்தின்படி, நிலநடுக்கோட்டிலிருந்து விலகிச் செல்லச் செல்ல நோய் பெருகவேண்டும். 1990ஆம் ஆண்டில் வெளியான அமெரிக்க ஆய்வொன்று அவ்வாறே காட்டியது: தெற்கே ஃபுளோரிடாவின் சரசோட்டா நகரில் நூற்றுக்கு 1.4 பேரும், வடக்கே நியூஹாம்ப்ஷயரின் நாஷுவா நகரில் நூற்றுக்கு 9.7 பேரும் இந்நோயின் குறிகளை உடையவராக இருந்தனர். ஆயின் இன்னும் வடக்கே, துருவ வட்டத்தைத் தொட்டு நிற்கும் ஐஸ்லாந்தில் 1993ஆம் ஆண்டு ஆய்வு, அமெரிக்கக் கிழக்குக் கரையைவிடக் குறைவான விகிதத்தையே கண்டது. 2016ஆம் ஆண்டில் 34,000க்கும் மேற்பட்ட அமெரிக்கர்களின் விடைகளை ஆராய்ந்த மற்றோர் ஆய்வு, மனச்சோர்வுக்கும் பருவத்துக்கும் அட்சரேகைக்கும் தொடர்பே தென்படவில்லை என்று கூறிப் பெரும் விவாதத்தைக் கிளப்பிற்று. நோய் இல்லை என்று இதனால் முடிவு கட்டுவது மிகை. பொதுமக்கள் தொகையில் அது எவ்வளவு பரவியுள்ளது என்பதும், அதில் அட்சரேகையின் பங்கு எவ்வளவு என்பதும் முன்பு கருதியதைப் போல எளிய கணக்குகளாக இல்லை என்பதே நாம் கொள்ளத்தக்கது.

இந்தியாவை நோக்குவோம். கன்னியாகுமரியில் மிகக் குறுகிய பகலுக்கும் மிக நீண்ட பகலுக்கும் உள்ள வேறுபாடு ஒரு மணிக்கும் குறைவு. டெல்லியில் டிசம்பர் மாதப் பகல் ஏறத்தாழ 10 மணி 20 நிமிடமும், ஜூன் மாதப் பகல் ஏறத்தாழ 14 மணியும் ஆகும். ஸ்ரீநகரில் டிசம்பர்ப் பகல் 9 மணி 50 நிமிடமளவுக்குக் குறைகிறது. லண்டனில் அது எட்டு மணிக்கும் குறைவு. நியூயார்க் நகரத்தைவிட ஸ்ரீநகரின் குளிர்காலப் பகல் சுமார் 40 நிமிடம் நீண்டது. கடிகாரக் கணக்கை மட்டும் பார்த்தால், காஷ்மீரத்தார்க்கு இதில் குறைசொல்ல இடமில்லை.

பணி நிமித்தமாக நான் ஒரு குளிர்காலத்தை ஸ்ரீநகரில் கழிக்க நேர்ந்தது. டிசம்பர் 21ஆம் நாள் தொடங்கி நாற்பது நாள் நீடிக்கும் கடுங்குளிரை அங்குள்ளோர் 'சில்லை கலான்' என்பர். அதையடுத்து இருபது நாள் 'சில்லை குர்த்'. இறுதியில் பத்து நாள் 'சில்லை பச்சா'. குளிரைப் பெரியது, சிறியது, குழந்தை என்று மூன்றாக வகுத்துப் பெயரிட்டு, கோடையில் உலர்த்திய காய்கறிகளைச் சேமித்து, தளர்ந்த நீண்ட மேலங்கிக்குள் காங்கிரி என்னும் கனல் சட்டியை ஏந்தி வாழ்வோர் அவர்கள். தெற்கிலிருந்து சென்ற எனக்கோ அத்தகைய பயிற்சி ஏதும் இல்லை. வாரக்கணக்கில் வானம் சாம்பல் நிறமாகவே இருந்தது. இரவு ஒன்பது மணி நேரம் உறங்கியும் காலையில் எழ மனம் வரவில்லை. மேசையில் கோப்புகள் தேங்கின. குளிரே காரணம் என்று நம்பினேன்.

பிப்ரவரியில் லே நகருக்குச் செல்ல நேர்ந்தபோது அந்நம்பிக்கை தளர்ந்தது. லேயும் ஸ்ரீநகரும் ஏறத்தாழ ஒரே அட்சரேகையில், 34 பாகையை ஒட்டி அமைந்தவை. லேயின் குளிர் மிகக் கொடியது. மூச்சு வாங்கும் உயரம் வேறு. ஆனால் மேற்கிலிருந்து வரும் மேகங்கள் தம் ஈரத்தைப் பெரும்பாலும் முன்னுள்ள மலைகளிலேயே இறக்கிவிடுவதால், லடாக் பகுதியில் ஆண்டின் மிகுதியான நாள்களில் வானம் தெளிந்திருக்கிறது. கண்ணைக் கூசச் செய்யும் அவ்வெயிலில் இரண்டே நாளில் என் மந்தம் அகன்றது. ஒருவன் அனுபவம் சான்றாகாது; இடமாற்றமும் வேலை மாற்றமும்கூட அதற்குக் காரணமாகலாம். எனினும், உலகப் படத்தில் அட்சரேகையைப் பார்த்து மனநிலையை ஊகிக்கலாகாது என்பதை எனக்கு முதலில் உணர்த்தியது அப்பயணமே. மலை, மேகம், மூடுபனி ஆகியவை ஒரே அட்சரேகையில் இருவேறு ஒளிநாடுகளை உண்டாக்கிவிடுகின்றன.

சிந்து-கங்கைச் சமவெளியின் நிலையும் இத்தகையதே. பஞ்சாப் முதல் பீகார் வரை டிசம்பர், ஜனவரி மாதங்களில் பல நாள்கள் மூடுபனியில் மறைகின்றன. புகையும் தூசியும் அதனோடு கலக்கின்றன. வெயில் குறைவதோடு, அன்றாடக் கூலிக்குச் செல்வோரின் நடமாட்டமும் தடைப்படுகிறது.

இடையே கடிகாரத்தைப் பற்றியும் ஒரு சொல் கூறவேண்டும். கிழக்கு மேற்காக ஏறத்தாழ 29 பாகை அகன்ற நம் நாடு முழுமைக்கும், 82.5 பாகைத் தீர்க்கரேகையை அடிப்படையாகக் கொண்ட ஒரே நேரம் வழங்குகிறது. டிசம்பர் மாதத்தில் அஸ்ஸாமின் திப்ருகரில் மாலை 4 மணி 20 நிமிடமளவில் கதிரவன் மறைந்துவிடுகிறான். குஜராத்தின் துவாரகையில் 6 மணிக்குப் பிறகே மறைகிறான். வடகிழக்கில் அலுவலகம் விட்டு வெளிவருவோர் இருளில்தான் வீடு திரும்புகின்றனர். அவர்களுக்குரிய பகலொளியோ அலுவலகம் திறக்குமுன் மூன்று நான்கு மணி நேரம் வீணாகக் கழிகிறது. அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்கள் நெடுங்காலமாகவே தமக்கென ஒரு மணி நேரம் முன்னதான 'தோட்ட நேரத்தை' வைத்துக்கொண்டதன் அறிவு இதில் விளங்கும். 2018ஆம் ஆண்டில் தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் அறிவியலார் இரு நேர மண்டலங்கள் இயலக்கூடியனவே என்று ஒரு கட்டுரையில் வாதிட்டனர். இதை வெறும் மின்சாரச் சிக்கன வினாவாக மட்டும் பார்ப்பது போதாது என்பது என் எண்ணம்.

கோடையின் சோர்வு

குளிர்கால நோய்க்கு நேர்மாறான வகையொன்றையும் ரோசந்தாலின் சகாக்கள் 1987ஆம் ஆண்டில் விவரித்தனர். அது கோடையில் வருவது. இதில் உறக்கம் கெடும், பசி குன்றும், எடை குறையும், மந்தத்துக்கு மாறாக ஒருவகைப் பதற்றம் மேலோங்கும். இதற்கு வெப்பமே காரணம் என்ற கருத்து உண்டு. ஏப்ரல், மே மாதங்களில் இரவிலும் தணியாத வெப்பத்தில், ஒற்றை அறையில் ஐவர் ஆறுபேர் படுக்கும் நகர்ப்புறக் குடியிருப்புகளை நினைத்தால், உறக்கம் கெடுவதற்கு வேறு விளக்கம் தேடவேண்டியதில்லை.

ஆயினும் இந்தியாவில் வெப்பம் வேறொரு வழியிலும் மனத்தைத் தாக்குகிறது. அதைத் தெளிவாகப் பிரித்துக் காட்டியது டாம்மா கார்ல்டன் என்னும் பொருளியல் ஆய்வாளர் 2017ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு. 1967 முதல் 2013 வரையிலான இந்திய மாநிலங்களின் தற்கொலைப் புள்ளிவிவரங்களையும் தட்பவெப்பப் பதிவுகளையும் அவர் ஒப்பிட்டார். பயிர் வளரும் பருவத்தில் வெப்பம் 20 பாகை செல்சியசுக்கு மேல் உயரும்போது தற்கொலைகள் கூடுவதையும், பயிரில்லாத மாதங்களில் அதே அளவு வெப்பம் உயர்ந்தால் அத்தகைய விளைவு தென்படாததையும் அவர் கண்டார். பயிர்ப் பருவத்தில் நல்ல மழை பெய்த ஆண்டுகளில் அவ்வெண்ணிக்கை குறைந்தது. வெயில் உடலை மட்டும் வருத்துமாயின் எல்லா மாதங்களிலும் ஒரே விளைவு காணப்படவேண்டும். அவ்வாறு காணப்படாமையால், வெப்பம் வயல் வழியாகவும் வருமானத்தின் வழியாகவுமே மனத்தை எட்டுகிறது என்று அவர் முடிவு செய்தார். முப்பது ஆண்டுகளில் ஏற்பட்ட வெப்ப உயர்வுக்கு 59,300 தற்கொலைகளைப் பொறுப்பாக்கும் அவருடைய மதிப்பீட்டை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. ஒவ்வோர் இறப்புக்கும் பின்னே பல காரணங்கள் உண்டு. மாநில அளவிலான புள்ளிகள் அவற்றைப் பிரித்தறியா. ஆனால் பருவத்தைப் பற்றிய அந்த ஒப்பீட்டின் வலிமையை மறுப்பது கடினம்.

தேசியக் குற்றப் பதிவேட்டு நிறுவனத்தின் கணக்குப்படி 2022ஆம் ஆண்டில் வேளாண்மைத் தொழிலில் ஈடுபட்டோருள் 11,290 பேர் தற்கொலை செய்துகொண்டனர். அவர்களில் 5,207 பேர் விவசாயிகள். 6,083 பேர் விவசாயத் தொழிலாளர்கள். நிலமுள்ளவரைவிட நிலமில்லாதவரின் எண்ணிக்கை மிகுந்திருப்பது கவனிக்கத்தக்கது. கடன் தள்ளுபடி பற்றிய விவாதங்களில் இவ்விரண்டாம் பிரிவினர் பெரும்பாலும் மறக்கப்பட்டுவிடுகின்றனர்.

விலக்கி வைக்கப்பட்ட சோர்வு

பழந்தமிழ் இலக்கண மரபு நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்று வகுத்து, மனத்தின் நிலைகளை அவற்றோடு பொருத்திற்று. கார்காலத்து மாலையும் காடும் காத்திருத்தலுக்கும், வேனிலின் நண்பகலும் பாலையும் பிரிவுக்கும் உரியவாயின. இது கவிதை மரபு, மருத்துவமன்று. எனினும் பருவத்தை இடத்திலிருந்தும், இரண்டையும் அங்கு நடைபெறும் தொழிலிலிருந்தும் பிரிக்காமல் எண்ணும் அப்பழக்கம் நம் ஆய்வுக்கும் உதவும்.

கேரளத்தின் கர்க்கடக மாதத்தை எடுத்துக்கொள்வோம். ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்டு நடுவு வரை நீளும் அம்மாதத்தில் தென்மேற்குப் பருவமழை கனத்துப் பெய்யும். வானம் இருண்டிருக்கும், வயல் வேலை இராது, பழைய நெல் தீர்ந்து, புதுநெல் வந்திராது. விசைப்படகு மீன்பிடிப்புக்கான தடையும் ஜூலை இறுதி வரை நீடிக்கும். 'பஞ்ச மாதம்' என்று மக்கள் அதற்குப் பெயரிட்டதில் வியப்பில்லை. அம்மாதத்தில் வீடுதோறும் மாலையில் விளக்கேற்றி இராமாயணம் படிப்பதும், மருந்துக் கஞ்சி காய்ச்சிக் குடிப்பதும் வழக்கம். ஒளி குறைவும் உணவுக் குறைவும் ஒருங்கே தாக்கும் பருவத்தில் மக்களை ஓரிடத்தில் கூட்டி வைத்து, நாளுக்கு ஒரு நேரத்தையும் உடலுக்கு ஒரு பராமரிப்பையும் வகுத்த ஏற்பாடு அது. ரியூகான் நகரத்தின் கண்ணாடியைவிட இதற்குச் செலவு குறைவு.

வடக்கிலும் கிழக்கிலும் கரீப் பருவத்தை நம்பிய மாவட்டங்களில் சிராவணமும் பாத்ரபதமும் இதே தன்மையன. நடவும் களையெடுப்பும் முடிந்து, அறுவடைக்கு இன்னும் வாரங்கள் இருக்கும் காலம். களஞ்சியம் காலி, தானிய விலை உச்சம், காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் மிகுதி, வட்டிக்குக் கடன் வாங்காதவர் சிலர். வறுமையை ஆண்டுச் சராசரியில் அளந்தால் இம்மாதங்கள் கண்ணுக்குப் புலப்படா என்று ராபர்ட் சேம்பர்ஸ் முதலிய ஆய்வாளர்கள் 1981ஆம் ஆண்டில் வெளியான ஒரு தொகுப்பு நூலில் எடுத்துக்காட்டினர். ஆண்டு வருமானத்தைப் பன்னிரண்டால் வகுத்துப் பார்க்கும் பழக்கம் எங்கள் துறையில் வேரூன்றியது. பன்னிரண்டு மாதமும் சமமாக உண்ணும் குடும்பத்துக்கே அக்கணக்கு பொருந்தும்.

இப்பருவகால நெருக்கடி மனத்தை என்ன செய்கிறது என்பதற்குச் சிறந்த சான்று தமிழகத்திலிருந்தே கிடைத்துள்ளது. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷாஃபிர், ஜியாயிங் ஜாவோ ஆகியோர் விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 464 கரும்பு விவசாயிகளிடம் நடத்திய ஆய்வு 2013ஆம் ஆண்டில் வெளியாயிற்று. கரும்பு விவசாயிக்குப் பெரும்பணம் கைக்கு வருவது ஆண்டில் ஒருமுறை, அறுவடைக்குப் பிறகுதான். அதே விவசாயியிடம் அறுவடைக்கு முன்னும் பின்னும் அறிவுக் கூர்மைத் தேர்வுகள் வைத்தபோது, முன்னதில் அவர் பெற்ற மதிப்பெண்கள் குறைவாக இருந்தன. ஆளும் அவரே, அறிவும் அதுவே. அடகும் கடனும் குவிந்த மாதங்களில், எந்தச் செலவை எப்படித் தள்ளிப்போடுவது என்ற ஓயாத கணக்கு மனத்தின் பெரும்பகுதியை அடைத்துக்கொள்கிறது என்பது ஆய்வாளர்களின் விளக்கம்.

இவ்வாய்வின் தனிச்சிறப்பு கரும்பின் இயல்பில் உள்ளது. ஆலை தன் அரைக்கும் திறனுக்கேற்ப வெட்டு உத்தரவு வழங்குவதால், அண்டை நிலத்துக்காரர்கள் இருவரின் அறுவடைக்குமிடையே சில மாத இடைவெளிகூட ஏற்படும். எனவே ஒரே மாதத்தில், ஒரே வானத்தின் கீழ், ஒருவர் அறுவடைக்கு முன்னும் மற்றவர் பின்னும் இருப்பர். வானத்தின் பருவத்தையும் வருமானத்தின் பருவத்தையும் இதைவிடத் தெளிவாகப் பிரிப்பது அரிது. ஆய்வாளர்கள் அளந்தது சிந்திக்கும் ஆற்றலை. மனச்சோர்வு நோயை அன்று. அவர்களுடைய கணக்கிடும் முறையை மறுத்தோரும் உண்டு. இவற்றை மனத்தில் கொண்டும், மருத்துவக் கையேடு விலக்கி வைத்த அந்தப் பகுதிக்குள் நுழைவதற்கு இது ஒரு திறவுகோல் என்றே நான் கருதுகிறேன்.

திட்டமிடுவோர் செய்யத்தக்கவை

நம் நாட்டில் தேசிய மனநலத் திட்டம் 1982ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. கர்நாடகத்தின் பெல்லாரி மாவட்டத்தில் பெற்ற பட்டறிவைக் கொண்டு 1996ஆம் ஆண்டில் மாவட்ட மனநலத் திட்டம் உருவாயிற்று. இன்று அது எழுநூற்றுக்கும் மேற்பட்ட மாவட்டங்களுக்கு விரிந்துள்ளது. பெங்களூர் தேசிய மனநல, நரம்பியல் அறிவியல் கழகம் 12 மாநிலங்களில் 2015-16இல் நடத்திய தேசிய ஆய்வின்படி, வயதுவந்தோரில் நூற்றுக்கு 10.6 பேர் ஏதேனும் ஒரு மனநலக் குறைபாட்டுடன் இருந்தனர். நோய்க்கேற்ப அவர்களில் 70 முதல் 92 விழுக்காட்டினருக்குச் சிகிச்சை எட்டவில்லை. 2022ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் தொடங்கிய டெலி-மானஸ் தொலைபேசிச் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். மருத்துவமனைக்குச் செல்லத் தயங்கும் ஊர்களில் இதன் பயன் பெரிது.

இவற்றுக்கெல்லாம் பருவம் என்ற கண் இல்லை. மாவட்ட மருத்துவக் குழு கிராமங்களுக்குச் செல்லும் நாள்களை வாகனமும் எரிபொருளும் முடிவு செய்கின்றன; நிதியாண்டின் இறுதியில், அதாவது மார்ச் மாதத்தில், முகாம்கள் திடீரென்று பெருகுவதை நம்மில் பலர் அறிவோம். கரீப் மாவட்டத்துக்கு ஆகஸ்டு, செப்டம்பரிலும், மீன்பிடித் தடையுள்ள கடற்கரைக்குத் தடை மாதங்களிலும், காஷ்மீரத்துக்குச் சில்லை கலான் தொடங்குமுன்னும் அம்முகாம்கள் செல்லவேண்டும். வேளாண்மைத் துறையிடம் ஒவ்வொரு வட்டாரத்துக்கும் பயிர்க் காலக் குறிப்பு உண்டு. வானிலைத் துறையிடம் கதிரொளிப் பதிவுகள் உண்டு. தொலைபேசிச் சேவைக்கு வரும் அழைப்புகள் மாதவாரியாகவும் மாவட்டவாரியாகவும் தொகுக்கப்பட்டு, இவ்விரண்டோடும் ஒப்பு நோக்கப்படுமாயின், மருத்துவர் எந்த மாதத்தில் எங்குத் தேவைப்படுகிறார் என்பது விளங்கும். இதற்குப் புதிய நிதி வேண்டியதில்லை. மூன்று துறைகளின் அலுவலர்கள் ஒரு மேசையில் அமர்ந்தால் போதும். அது நிதியைவிட அரிது என்பதையும் அறிவேன்.

காஷ்மீர், இமாசலம் முதலிய பகுதிகளின் மாவட்ட மருத்துவமனைகளில் ஒளிப்பெட்டிகளை வைப்பது சிறு செலவு. பள்ளிகளும் அலுவலகங்களும் காலை வெயில் புகும் திசையில் கட்டப்படுவதும், குளிர்காலத்தில் மாணவர்களை முற்பகலில் சிறிது நேரம் வெளியே விடுவதும் செலவே இல்லாதவை.

சமவெளியிலும் கடற்கரையிலும் மருந்து வேறு. அங்கு ஆண்டைச் சமன்செய்வதே சிகிச்சை. இத்தகைய ஏற்பாடுகள் நம்மிடம் முன்பே உள்ளன. அவற்றை மனநலத்தோடு இணைத்து நாம் எண்ணியதில்லை. மீனவர் சேமிப்பு-நிவாரணத் திட்டத்தில், பிடிப்பு நன்கு நடக்கும் மாதங்களில் மீனவர் செலுத்தும் தொகையோடு அரசுகளின் பங்கும் சேர்ந்து தடை மாதங்களில் அவருக்குத் திரும்புகிறது. 2005ஆம் ஆண்டின் மகாத்மா காந்தி தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டம் 100 நாள் வேலைக்கு உறுதியளித்தபோது, அந்நாள்கள் எந்த மாதத்தில் அமைகின்றன என்பது கூலியின் அளவுக்கு இணையான வினாவாக இருந்தது. மழைக்காலத்தில் மண்வேலை நடவாது என்ற காரணத்தால், தேவை மிகுந்த மாதங்களிலேயே பல இடங்களில் வேலை சுருங்கிற்று. 2019இல் தொடங்கிய பிரதமரின் கிசான் நிதியில் ஆண்டுக்கு 6,000 ரூபாய் மூன்று தவணைகளில் வழங்கப்படுகிறது; அத்தவணைகளுள் ஒன்று வட்டாரத்தின் பஞ்ச மாதத்துக்கு முன்னரே கைக்கு வருமாறு நாள் குறிக்கப்படின், அதே தொகை கூடுதல் பயன் தரும். நிலமற்ற தொழிலாளருக்கு இத்திட்டத்தில் இடமில்லை என்ற குறை தனியே நிற்கிறது.

கரும்புக்குத் திரும்புவோம். 1966ஆம் ஆண்டின் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை, ஆலையில் கரும்பு ஒப்படைத்த 14 நாள்களுக்குள் விலை கொடுக்கப்படவேண்டும் என்றும், தவறினால் ஆண்டுக்கு 15 விழுக்காடு வட்டி சேரும் என்றும் விதிக்கிறது. நிலுவைகள் மாதக்கணக்கில் நீண்ட ஆண்டுகள் பல. கரும்பு வெட்டப்பட்டு, நிலம் காலியாகி, பணம் மட்டும் வராத விவசாயி, அறுவடைக்குப் பின்னும் அறுவடைக்கு முந்திய மாதத்திலேயே வாழ்கிறார். நிலுவைப் பட்டியலில் அவர் பெயருக்கு எதிரே தொகையும் வட்டியும் நாள்களின் எண்ணிக்கையும் எழுதப்படுகின்றன. அந்நாள்களில் அவர் எடுத்த முடிவுகள், விற்ற மாடு, நிறுத்திய படிப்பு, உறங்காத இரவு ஆகியவற்றுக்கு அப்பட்டியலில் கட்டம் இல்லை.